வாக்குச்சாவடியில் ஒரு டூப்ளிகேட்

அந்த அம்மாள் தன் இடது கை ஆள்காட்டி விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நன்னாப் பாருங்கோ. மை இருக்கா?"

பார்த்தேன். சுத்தமான விரல். திருப்பிக் காட்டச் சொல்லி நகத்தின் அடியையும் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை.

"இல்லை" என்றேன்.

"அப்போ என் ஓட்டை யாராக்கும் போட்டா?"

வலியசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பு அறை அது. காலை பதினொரு மணி இருக்கும். மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. விடியற்காலையில் அரக்கு உருக்கி முத்திரை வைத்த வாசனை இன்னும் அறைக்குள்ளேயே நின்றது. கரும்பலகையில் யாரோ ஒரு பிள்ளை எழுதிய ஏழாம் வாய்ப்பாடு பாதியோடு நின்றிருந்தது. வாசலுக்கு வெளியே வரிசையில் முப்பது பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சாவடிக்கு நான்தான் தலைமை அதிகாரி. பிரிசைடிங் ஆபீசர் என்று கடுதாசியில் பார்க்கும்போது பெரிதாகத்தான் இருக்கும். ஆளைப் பார்த்தால், ஒரு அரசு அலுவலகத்தில் இருபத்தைந்து வருஷம் கோப்பு தள்ளிய பாறசாலைக்காரி எஸ்தர். அவ்வளவுதான்.

என் பக்கத்தில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் பிரசாத் சார். கணக்கு வாத்தியார். வருகிறவரின் பெயரை உரக்கப் படிப்பதும், பட்டியலில் அந்தப் பெயருக்குக் கீழே சிவப்பில் கோடு போடுவதும் அவர் வேலை. அவர் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், இது ஆள் வந்து போயல்லோ!"

லலிதா என்ற பெயருக்குக் கீழே கோடு இருந்தது. அதாவது, லலிதா காலையிலேயே வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போயாயிற்று. இப்போது என் முன்னால் நிற்பதும் லலிதாதான்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.)

ஐம்பது சும்மா ஓட்டு

நான் அப்போது எவ்வளவு குழம்பினேன் என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முந்தைய வாரம் நடந்த பயிற்சி வகுப்பைச் சொல்ல வேண்டும்.

ஒரு பெரிய மண்டபத்தில் இருநூறு பேரை உட்கார வைத்து, ஒரு அதிகாரி மைக்கைப் பிடித்து நாலு மணி நேரம் பேசினார். பேச்சு மலையாளம், முக்கியமான சொற்கள் எல்லாம் ஆங்கிலம். மாக் போல். டம்மி பேலட். டெஸ்ட் வோட். சேலஞ்ஜ்டு வோட். டெண்டர்டு வோட். ப்ராக்ஸி. போகஸ். இம்பர்ஸனேஷன்.

எனக்குப் பக்கத்தில் இருந்த அங்கன்வாடிக்காரப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "சேச்சி, இதெல்லாம் கள்ளவோட்டுதானே?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றேன்.

ஆனால் இல்லையாம். மாக் போல் என்பது ஓட்டுப்பதிவு தொடங்கும் முன் எந்திரம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு நாமே போட்டுப் பார்க்கும் சும்மா ஓட்டு. குறைந்தது ஐம்பது போட வேண்டும், எண்ண வேண்டும், பிறகு அழித்துவிட வேண்டும். அழிக்க மறந்தால் வேலை போய்விடும் என்று அதிகாரி மூன்று முறை சொன்னார். அந்த ஒன்றை மட்டும் இருநூறு பேரும் ஒழுங்காக எழுதிக்கொண்டோம்.

டெண்டர்டு வோட் வந்தபோது மண்டபமே விழித்தது. டெண்டர் என்றால் எங்களுக்கு இரண்டு அர்த்தம்தான் தெரியும். ஆபீசில் ஒப்பந்தக்காரர் மூடிய உறையில் கொடுப்பது ஒன்று. ரோட்டோரத்தில் சீவிக் கொடுக்கும் இளநீர் இன்னொன்று.

இரண்டும் இல்லை என்றார் அதிகாரி. "ஒரு வோட்டர் வரும். அவருடைய வோட்டை வேறு யாரோ முன்பே போட்டிருப்பார்கள். வந்திருப்பது அசல் ஆள்தான் என்று நீங்கள் விசாரித்து உறுதி செய்தால், எந்திரத்தில் போட விடக்கூடாது. ஒரு காகிதச் சீட்டு கொடுக்கணும். அதைத் தனி உறையில் வைக்கணும்."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "சார், அந்தச் சீட்டை எண்ணுவாங்களா?"

"சாதாரணமாக எண்ணுவதில்லை."

"அப்போ முன்னால கள்ளவோட்டு போட்டுட்டுப் போனவனோட ஓட்டு?"

"அது எந்திரத்தில் இருக்குமல்லோ. அது எண்ணப்படும்."

கேட்டவர் தான் எழுதி வைத்திருந்ததை ஒரு தரம் வாசித்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு மணி அடித்தது.

அப்பாவின் பல்

இந்த மாதிரிச் சொற்களோடு எனக்குள்ள மல்லுக்கட்டு இன்று நேற்று வந்ததல்ல.

என் அப்பாவுக்கு அறுபது வயதில் மேல்வரிசைப் பல் முழுவதும் எடுத்தாகிவிட்டது. நெய்யாற்றின்கரையில் ஒரு பல் டாக்டரிடம் செட் கட்டினோம். டாக்டர் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியதை நான் படித்து, "பொய்ப்பல்லு அப்பா" என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஃபால்ஸ் என்றால் பொய் என்றுதானே சொல்லித் தந்திருந்தார்கள்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய்ப்பல்லா? நான் என்ன பொய்யாட்டா சவைக்கேன்? மரச்சீனிக் கெழங்கக் கொண்டா, திண்ணு காட்டுதேன்!"

பக்கத்து வீட்டு மலையாளிக் கிழவர்தான் சமாதானம் செய்தார். அவர்கள் பாஷையில் அது வெப்புப் பல். வைத்த பல், அவ்வளவுதான். குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அப்பா அதற்குப் பிறகு சாகும்வரை வெப்புப் பல் என்றுதான் சொன்னார், வீட்டில் மற்ற எல்லாம் தமிழாக இருந்தும்.

ஆபீசுக்கு வந்தால் அங்கே இன்னொரு கூத்து. ஜெராக்ஸ் எடுத்த காகிதத்தில் அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை அடித்தால் அது ட்ரூ காப்பி. நகல்தான், ஆனால் உண்மை. டூப்ளிகேட் என்றால் சாலைக் கடைத்தெருவில் ஏமாற்று சாமான். ஆபீசில் டூப்ளிகேட் என்றால் அரசாங்கமே கொடுக்கும் இரண்டாம் பிரதி, முதல் பிரதிக்குள்ள எல்லா மதிப்பும் அதற்கும் உண்டு. ஒரே சொல். வாசல் படியைத் தாண்டினால் அர்த்தம் தலைகீழாகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் ரேஷன் கார்டுக்கு மனு கொடுக்க வந்தார். "டூப்ளிகேட் கார்டு வேணும்னு எழுதுங்க" என்றேன். மனிதர் பயந்து, "ஐயோ, எனக்கு டூப்ளிகேட் வேண்டாம் மக்ளே, நல்லதே தா" என்று கும்பிட்டார்.

அவரை நினைத்து நான் பல நாள் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு வலியசாலையில் சிரிப்பு வரவில்லை.

கார்டே டூப்ளிகேட்

லலிதா தன் அடையாள அட்டையை மேஜைமேல் வைத்தாள். நாற்பத்தெட்டு வயது இருக்கும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பழைய கேஸ் ஷீட்டுகளை அடுக்கிப் பாதுகாக்கும் பிரிவில் வேலை. ஓட்டுப் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போக வேண்டுமென்று அடையாளப் பட்டையோடு வந்திருந்தாள்.

பிரசாத் சார் அட்டையை எடுத்துப் பார்த்தார். அட்டையின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் டூப்ளிகேட் என்று அச்சடித்திருந்தது.

அறையில் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஷிபு, நாற்பது வயது, ஆட்டோ ஸ்டாண்டில் பெரிய கை. இன்னொருவர் ஹரிஹரன் சார், அதே தெருவில் வீடு, பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். ஷிபு எட்டிப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"கண்டோ மேடம்! கார்டு தன்னே டூப்ளிகேட்டு! காலையில வந்த ஆளுடே கார்டு ஒரிஜினலாயிருந்து."

பிரசாத் சாரும் தலையாட்டினார். காலையில் வந்த பெண்ணின் அட்டை பழசாம். ஓரம் பிரிந்து, போட்டோ மங்கி, ஆனால் அசல். முகமும் ஒத்துப் போனதாம். எட்டு மணி நெருக்கடியில் அதற்குமேல் யார் பார்ப்பார்கள்?

"பழைய கார்டு தொலைஞ்சு போச்சு" என்றாள் லலிதா. "அப்பறம் நான் எழுதிக் கொடுத்து வாங்கினதாக்கும் இது. கவர்மென்ட்டு கொடுத்தது. டூப்ளிகேட்னு போட்டா நான் டூப்ளிகேட் ஆயிடுவேனா?"

எனக்கு அவள் சொன்னது புரிந்தது. ஆனால் கையேட்டில் விசாரித்து உறுதி செய் என்று எழுதியிருக்கிறதே, ஆகவே விசாரித்தேன்.

"அப்பா பேரு என்னம்மா?" சொன்னாள். "வீட்டு நம்பர்?" சொன்னாள். "வீட்டில வேற யாரு உண்டு?"

அவள் கழுத்தில் கிடந்த அடையாளப் பட்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"யாரும் இல்லை. அப்பா போய் நாலு வருஷமாச்சு. நான் மட்டுந்தான்."

பட்டியலைப் பார்த்தேன். அந்த வீட்டு எண்ணில் மூன்று கட்டங்கள். முதல் கட்டம் அப்பா. குறுக்கே நீக்கப்பட்டது என்று அச்சு. இரண்டாவது லலிதா. மூன்றாவது கட்டத்திலும் ஒரு பெண், பெயர் கோமதி, அதே அப்பா பெயர். அதன் குறுக்கேயும் நீக்கப்பட்டது என்ற அச்சு.

ஹரிஹரன் சாரிடம் கேட்டேன். "சார், நீங்க இந்தத் தெருதானே? இவங்களத் தெரியுமா?"

"தெரியாம என்ன? லலிதாதான் இது. இவ பொறந்த நாள்லேர்ந்து தெரியும்."

சொல்லிவிட்டு அவர் தன் கையில் இருந்த பட்டியலைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

சரி, ஆள் அசல். அப்படியானால் டெண்டர்டு வோட்டுதான். உறைக்குள்ளிருந்து காகிதச் சீட்டை எடுத்தேன்.

"இது என்னது?" என்றாள் லலிதா.

"இதில நீங்க முத்திரை குத்தித் தரணும். நான் தனியா வச்சு ஒப்படைப்பேன்."

"மெஷின்ல போட முடியாதா?"

"முடியாதும்மா. அதில உங்க பேரில விழுந்தாச்சு."

"இதை எண்ணுவாளா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சாதாரணமா எண்ண மாட்டாங்க."

லலிதா என்னையே பார்த்தாள். கோபம் இல்லை, ஒன்றும் புரியாத முகம். "பொய்யா வந்தவளோடதை எண்ணுவேள். நெஜமா வந்தவளோடதைக் கவர்ல போட்டு வைப்பேள். அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"கள்ளவோட்டு மேடம்! போலீசை விளிக்கணும்!" என்று ஷிபு இன்னொரு பக்கம். "எழுதி வாங்கணும். ஒப்பு நோக்கணும்." கையெழுத்தை ஒத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அதுவும் நியாயம்தானே என்று தோன்றியது. ஓட்டுப் போடுகிற ஒவ்வொருவரும் கையெழுத்திடும் பதிவேடு இருக்கிறது. இரண்டாவது அலுவலரிடம் அதை வாங்கி, காலைப் பக்கங்களைப் புரட்டினேன்.

பதிவேட்டில் ஒரு வரி

அந்தப் பக்கத்தில் கையெழுத்துகள் பெரும்பாலும் மலையாளத்தில். சில ஆங்கிலத்தில். லலிதாவின் வரிசை எண்ணுக்கு நேரே மட்டும் தமிழில் இருந்தது.

அறையில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர். படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஹரிஹரன் சார் போல அந்தத் தெருவில் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்து மலையாளம். பிரசாத் சாருக்கும் இரண்டாவது அலுவலருக்கும் அது ஏதோ ஒரு கிறுக்கல். சின்னக் கையெழுத்து, கடைசி எழுத்தில் நீளமாக ஒரு வால்.

எனக்கு அது கிறுக்கல் இல்லை. கோமதி என்று எழுதியிருந்தது.

ஆள்மாறாட்டம் செய்ய வந்தவள் தன் சொந்தப் பெயரையே எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். பட்டியலில் அந்த மூன்றாவது கட்டம் நினைவுக்கு வந்தது.

பதிவேட்டை மூடியிருக்க வேண்டும். அதற்குள் லலிதா தலையை நீட்டிப் பார்த்துவிட்டாள்.

அவள் முகத்தில் நடந்ததை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. படித்தாள். மறுபடி படித்தாள். கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அந்த எழுத்தின் வாலில் விரலை வைத்து மெதுவாக ஒரு தரம் இழுத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நான்தான் போட்டேன்" என்றாள்.

"என்னம்மா?"

"காலம்பற வந்து நான்தான் போட்டுட்டுப் போனேன். மறந்துட்டேன். என் கையெழுத்துதான் இது."

"விரல்ல மை இல்லியே?"

"அழிச்சுட்டேன்."

"எப்படி?"

"அழிச்சுட்டேன்னா அழிச்சுட்டேன். விடுங்கோ, நான் போறேன்."

அசல் ஆள் என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நான் உறுதி செய்த பெண், நான் போலி என்று வாக்குமூலம் கொடுக்கிறாள்.

ஷிபு விடவில்லை. "அப்போ ரெண்டாம் வோட்டு போட வந்ததா? அது கேசாணு மேடம்! மை மாய்ச்சு வந்திருக்கு!" மையை அழித்துவிட்டு வந்திருக்கிறாளாம். வாசலில் நின்ற போலீஸ்காரர் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறந்து ஒரு பெயரைப் படித்தால் போதும், கோமதி என்கிற யாரோ ஒருத்தியைத் தேடிப் போவார்கள். படிக்காவிட்டால் என் முன்னால் நிற்கிற இவள் மாட்டுவாள். இரண்டு பேரில் யார் செய்தது குற்றம்? யார் சொல்வது பொய்? கையேடு பைக்குள் இருந்தது. எடுத்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

அப்போதுதான் ஹரிஹரன் சார் பேசினார்.

"ஷிபு, நீ இரு. அவளுக்கு அப்பா போனப்பறம் ஓர்மைக் குறைவு, எல்லாம் மறந்துபோயிடறது. தெருவுல எல்லார்க்கும் தெரியும். காலம்பற வந்து போட்டா, நான் பார்த்தேன்."

இது பொய். அது பொய் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது.

நான் ஷிபுவைப் பார்த்துச் சொன்னேன், என்னை அறியாமலே மலையாளத்தில்: அவர் எந்திரத்தைத் தொடவில்லை, இரண்டாவது ஓட்டு நடக்கவில்லை. புகார் வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள், பதிவை நிறுத்திவிட்டு விசாரிக்கிறேன்.

வெளியே வரிசை முணுமுணுத்தது. நிழல் குறுகி எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் ஷிபுவின் ஆட்களும் இருந்தார்கள்.

"போட்டே" என்றார் ஷிபு. போகட்டும், விடு என்று அர்த்தம்.

லலிதா டூப்ளிகேட் அட்டையைக்கூட மறந்துவிட்டு வெளியே ஓடினாள். பிரசாத் சார் பின்னால் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

நில்

மாலை ஆறு மணிக்கு எந்திரத்தை மூடினோம். பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் எந்திரத்தின் எண்ணிக்கையும் ஒத்துப்போயின. பிரசாத் சார் கையெடுத்துக் கும்பிட்டார்.

தலைமை அதிகாரியின் நாட்குறிப்பு என்று ஒரு படிவம் உண்டு. டெண்டர்டு வோட்டுகள் எத்தனை? நில், அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதினேன். சேலஞ்ஜ்டு? நில். ஆள்மாறாட்டம் ஏதேனும்?

பேனா அங்கே நின்றுவிட்டது.

பேர் மாற்றிச் சொல்லி ஏமாற்றினால் இம்பர்ஸனேஷன். ஆனால் அவள் தன் பெயரைத்தான் எழுதியிருக்கிறாள். அப்படியானால் போகஸா? அதே தெருவில் பிறந்து, அதே வீட்டு எண்ணில் பட்டியலில் இருந்து, யாரோ நீக்கிவிட்ட ஒருத்தியைப் போகஸ் என்று எழுதலாமா? அட்டை ஒரிஜினல், ஆள் வேறு. ஆள் ஒரிஜினல், அட்டை டூப்ளிகேட். உள்ளே விழுந்த ஓட்டு ஃபேக்கா, ஃபால்ஸா? ஆங்கிலத்தில் இவ்வளவு சொற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அன்றைக்கு என் கைக்கு ஒன்றும் பொருந்தி வரவில்லை.

நில் என்றே எழுதிக் கையெழுத்திட்டேன். எஸ்தர் என்று, என் வழக்கமான கையெழுத்துத்தான். ஏனோ அது வேறு யாரோ போட்டது போல் இருந்தது.

சரி செய்தேன் என்று சொல்ல இதை எழுதவில்லை. அதற்குப் பிறகு பல மாதம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும், நான் செய்தது தப்பு என்றுதான் சொல்வேன். மறுபடி அதே மேஜையில் உட்கார வைத்தால் என்ன செய்வேன் என்று கேட்டால் தெரியாது.

பழவங்காடியில்

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம். கிழக்கேகோட்டையில் கரமனை பஸ்ஸுக்காகப் பழவங்காடிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம் விடாமல் கேட்டது. சிதறின இளசுத் தேங்காயின் வாசனை ரோடு வரைக்கும்.

"மேடம்! எலெக்ஷன் மேடம்!"

திரும்பினேன். லலிதா. ஓடிப்போய்விடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அதற்குள் அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட இன்னொருத்தி. ஐந்தாறு வயது இளையவள், அதே நெற்றி, அதே மூக்கு. பிரசாத் சாரைக் குறை சொல்ல முடியாது என்று அப்போது தோன்றியது.

"இவதான் கோமதி" என்றாள் லலிதா. "என் தங்கை."

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

அங்கேயே ஒரு கடை ஓரமாக நின்று பேசினோம். இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள், ஒருத்தி விட்டதை மற்றவள் எடுத்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கோமதி, கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டைவிட்டுப் போனாள். என் ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்தான். அவசரத்தில் எடுத்துக்கொண்டு போன பிளாஸ்டிக் கவருக்குள் அக்காவின் வாக்காளர் அட்டையும் சேர்ந்து போயிற்று. அப்பா இருந்தவரை இவளை வாசல்படி ஏற விடவில்லை. அப்பா போன செய்தியே இவளுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் கிடைத்தது.

"அப்பறம் லிஸ்ட் சரிபார்க்க வந்தா" என்றாள் லலிதா. "கோமதி இருக்காளான்னு கேட்டா. இங்கே இல்லைன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். வெட்டிட்டா."

"இல்லைன்னுதானே சொன்னே, பொய்யில்லையே" என்றாள் கோமதி.

"நீ சும்மா இரு."

அன்றைக்குக் கோமதி ஓட்டுப் போட வரவில்லையாம். அக்கா ஓட்டுப் போட வருவாள், அங்கே யாரும் கதவைச் சாத்த முடியாது, பார்த்து அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வந்திருக்கிறாள். பெண்கள் வரிசையில் நிற்கச் சொன்னார்கள், நின்றாள். உள்ளே வந்துவிட்டாள். கையில் தன் பழைய அட்டையும் அக்காவின் அட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. பிரசாத் சார் வாங்கி, மேலே இருந்ததைப் பார்த்து, "லலிதா" என்று உரக்கப் படித்தார்.

"நான் லலிதா இல்லைன்னு யாராவது சொல்லுவான்னு பார்த்தேன் மேடம்" என்றாள் கோமதி. "ஹரி மாமா அங்கே இருந்தார். என்னை நேருக்கு நேராப் பார்த்தார். பார்த்துட்டு பேப்பரைக் குனிஞ்சு பார்த்துண்டார். யாரும் ஒண்ணும் சொல்லலை. நானும் சொல்லலை. கையை நீட்டுன்னா, நீட்டினேன். மை வெச்சா. சைன் பண்ணுன்னா, பண்ணினேன். வெளியில வந்தப்பறந்தான் என்ன பண்ணிட்டோம்னு உறைச்சுது."

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தின் பின்பக்க வாசலில், சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகைக்குள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே ஓடிவந்து தேடிய லலிதா அங்கேதான் அவளைக் கண்டுபிடித்தாள்.

"பார்த்ததும் என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

லலிதா கொஞ்சம் வெட்கப்பட்டாள். "என்ன சொல்றதுன்னு தெரியலை. 'ஓட்டுப் போட்டாச்சோல்லியோ, இன்னும் என்ன இங்கே உக்காந்திண்டிருக்கே'ன்னு கேட்டேன்."

அன்று அவள் டியூட்டிக்குப் போகவில்லை. தங்கையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டாள். இப்போது மாதம் இரண்டு தரம் கோமதி வருகிறாள், சில சமயம் கணவரும் வருகிறார். அவர் ஊரில் பட்டியலில் பெயர் சேர்க்கவும் எழுதிக் கொடுத்தாயிற்று.

என் பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. கிளம்பப் போனேன். கோமதி என் முழங்கையைத் தொட்டாள்.

"மேடம், நான் ஏமாத்தலை. மெஷின் முன்னால நின்னப்போகூட, இது என் ஓட்டு இல்லையேன்னுதான் நினைச்சேன். அதனால எனக்குப் பிடிச்சதுக்குப் போடலை. இவ எப்பவும் போடற சின்னத்துலேயே அழுத்தினேன்."

லலிதா சட்டென்று திரும்பினாள்.

"எந்தச் சின்னம்?"

கோமதி அவள் காதில் சொன்னாள்.

"ஐயோ, அது அப்பாவுக்குப் பயந்துண்டு போட்டதுடீ! அப்பா போனப்பறம் நான் அதுக்குப் போடறதே இல்லை."

கோமதியின் முகம் வெளுத்துவிட்டது. அக்காவைப் பார்த்தாள். பிறகு ரொம்ப அக்கறையாக என்னிடம் கேட்டாள்:

"மேடம், அதை இப்போ மாத்த முடியுமா?"